கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைக்கு பூச்சி, நோய் பாதுகாப்பு: கவர்மெண்ட் திட்டங்கள எப்படி வாங்குறது, முழு வழிகாட்டி

திராட்சை போட்டவங்ககிட்ட கவர்மெண்ட் திட்டம்னு பேச்ச எடுத்தாலே ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு "அதெல்லாம் நமக்கு எங்க கிடைக்குது", இன்னொண்ணு "மழை பெஞ்சு கொத்து அழுகுனப்ப எவனும் எட்டிப் பாக்கல". ரெண்டாவதுல நியாயம் இருக்கு, மறுக்கல. ஆனா பூச்சி நோய்க்குன்னு இருக்குற திட்டங்கள்ல பெரும்பாலானது நோய் வர்றதுக்கு முன்னாடி குடுக்குறது, வந்தப்புறம் குடுக்குறது ரொம்ப கொஞ்சம், அதுவும் பேப்பர் சரியா இருந்தாதான். அதனால இந்த வழிகாட்டி முழுக்க கவாத்து தேதிய, அதாவது கொடிய வெட்டி விடுற தேதிய வச்சுத்தான் போகும். பன்னீர் திராட்சைக்கு கோடை பட்டம்னா டிசம்பர், ஜனவரில கவாத்து, அடுத்த பட்டம்னா மே, ஜூன்ல. கம்பம் பக்கம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தேதி முன்னப்பின்ன இருக்கும், அதனால உங்க தேதி எதுவோ அதுக்கு ஒரு மாசம் முன்னாடி வேலைய ஆரம்பிங்க.

முதல்ல பேப்பர்

அடங்கல்ல, அதாவது விஏஓ வச்சிருக்குற பயிர்க் கணக்குல, "திராட்சை"ன்னு இருக்கான்னு பாருங்க. பந்தல் போட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் அடங்கல்ல இன்னும் தென்னைன்னோ சோளம்னோ இருக்குற நிலம் நிறைய உண்டு, திட்டம் கிடைக்காம போறதுக்கு பாதி காரணம் இதுதான். விஏஓகிட்ட போய் பயிரு, பரப்பு, சர்வே நம்பர் மூணையும் சரி பண்ணிட்டுத்தான் அடுத்த படி. அப்புறம் கம்ப்யூட்டர் சிட்டா, ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ, எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்), 5 ஏக்கருக்கு உள்ளன்னா தாசில்தார் ஆபீஸ்ல சிறு குறு விவசாயி சர்டிபிகேட். இந்த சர்டிபிகேட்ட லேசா நினைக்காதீங்க, சொட்டுநீர் மானியத்துல சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம், அந்த வித்தியாசம் மொத்தமும் ஒரு பேப்பர்லதான் நிக்குது. எஸ்சி, எஸ்டி சிறு குறு விவசாயியா இருந்தா பல திட்டத்துல வழக்கமான மானியத்துக்கு மேல 20 சதவீதம் சேத்துத் தர்றாங்க, அதுக்கு சாதிச் சான்றிதழும் கூட வைக்கணும். கூட்டுப்பட்டான்னா பங்காளிங்ககிட்ட சம்மதக் கடிதம் கேப்பாங்க, குத்தகைன்னா ஒப்பந்தம் கேப்பாங்க, கடைசி நேரத்துல அலையாம இப்பவே வாங்கி வைங்க. விவசாயி அடையாள எண்ணும் எடுத்து வச்சிருங்க, இனிமே எல்லாம் அத வச்சுத்தான்.

இதெல்லாம் கையில இருந்தா தோட்டக்கலைத் துறையோட டிஎன்ஹார்ட்நெட் வெப்சைட்லயோ உழவன் செயலிலயோ பதிவு பண்ணலாம். செல்போன்ல பண்ண வரலேன்னா வட்டார தோட்டக்கலை ஆபீஸ்லயே பண்ணிக் குடுப்பாங்க. பதிவு நம்பர ஒரு நோட்டுல எழுதி வைங்க, தேதியோட. பல திட்டத்துக்கு வருஷ ஒதுக்கீடு தீந்துட்டா அடுத்த நிதியாண்டுதான், அதனால ஏப்ரல், மே மாசத்துலயே பேர் குடுத்தவங்களுக்குத்தான் ஆரம்பத்துல கிடைக்கும்.

யார பாக்கணும்

திராட்சை தோட்டக்கலைத் துறையோட பயிர், வேளாண்மைத் துறை இல்ல. சில பேரு வேளாண் விரிவாக்க மையத்துல போய் நின்னுட்டு "தெரியலேன்னுட்டாங்க"ன்னு திரும்பி வர்றாங்க. உங்க வட்டாரத்துக்கு ஒரு தோட்டக்கலை உதவி இயக்குநர் இருப்பாரு, அவருக்குக் கீழ தோட்டக்கலை அலுவலர், அவருக்குக் கீழ உங்க கிராமத்துக்கு வர்ற உதவி தோட்டக்கலை அலுவலர். கடைசில சொன்னவரு போன் நம்பர்தான் உங்களுக்கு முக்கியம்.

நோய் பத்தின டெக்னிக்கல் சந்தேகத்துக்கு ஆனைமலையன்பட்டில தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, பெரியகுளத்துல தோட்டக்கலைக் கல்லூரி இருக்கு, காமாட்சிபுரத்துல கேவிகே (வேளாண் அறிவியல் நிலையம்) இருக்கு. இத்தன இடம் பக்கத்துலயே இருந்தும் நம்மாளுங்க மொதல்ல போறது மருந்துக்கடைக்குத்தான். கடைக்காரர் கெட்டவர்னு சொல்லல, ஆனா அவர் கையில எந்த மருந்து ஸ்டாக் இருக்கோ அதுக்குத் தகுந்த நோய்தான் உங்க தோட்டத்துல இருக்கும். கிசான் கால் சென்டர் 1800-180-1551, காலைல 6 மணிலருந்து ராத்திரி 10 வரைக்கும், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. மத்திய அரசு 2024 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்ச தேசிய பூச்சி கண்காணிப்பு ஆப்பும் இருக்கு, அதுல போட்டோ போட்டா ஆலோசனை வரும், ஆனா திராட்சைக்கு போட்டோவ மட்டும் நம்பி மருந்து அடிக்காதீங்க, காரணம் அடுத்ததுல.

நோய் எதுன்னு உறுதி பண்றது

மொத்தத்துலயும் நான் நேரம் செலவு பண்ணச் சொல்ற இடம் இதுதான். "செவட்டை விழுந்துருச்சு"ன்னு மட்டும் ஆபீஸ்ல சொன்னா அவங்களும் பொதுவா ஒரு மருந்த சொல்லி அனுப்பிருவாங்க. இலைய திருப்பிப் பாருங்க. மேல எண்ணெய் பட்ட மாதிரி மஞ்சப் புள்ளி, அதுக்கு நேர் கீழ அடிப்பக்கம் வெள்ளையா பஞ்சு மாதிரி பூஞ்சணம் இருந்தா அடிச்சாம்பல். மழை, பனி, இலை ஈரமா இருக்குற நேரம் வர்றது, அக்டோபர் நவம்பர்ல வடகிழக்குப் பருவமழைல கம்பம் பக்கம் வயித்தக் கலக்குறது இதுதான். இலையோட ரெண்டு பக்கமும் கொத்துலயும் சாம்பல் தூவுன மாதிரி இருந்து வெரல்ல தொட்டா ஒட்டுச்சுன்னா அது சாம்பல் நோய், இதுக்கு மழை வேண்டியதில்ல, மேகமூட்டமே போதும், காய் வெடிக்கும். காய் மேல நடுவுல சாம்பல் நெறம், ஓரத்துல கருப்பு வளையம், லேசா குழிஞ்சு இருந்தா பறவைக்கண் நோய்.

ஏன் இவ்வளவு பிரிச்சு சொல்றேன்னா, சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் கேக்கும், அத அடிச்சாம்பலுக்கு அடிச்சா காசு தண்டம், அதே கந்தகத்த உச்சி வெயில்ல அடிச்சா இலை கருகும். அடிச்சாம்பலுக்கு 1 சதவீத போர்டோ கலவை முன்கூட்டியே அடிக்கணும், 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ நீத்துன சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணி. ரெண்டையும் தனித்தனியா பிளாஸ்டிக் டிரம்ல கரைச்சு, துத்தத் தண்ணிய சுண்ணாம்புத் தண்ணில கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி கலக்கணும், ஒரு பழைய இரும்புக் கத்திய முக்கிப் பாத்து செம்பு நெறம் படிஞ்சா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடணும், அன்னைக்கே அடிச்சு முடிக்கணும். இந்தக் கலவை 1885லருந்து உலகம் முழுக்க திராட்சைக்கு அடிக்கிறது, பேரே பிரான்ஸ்ல இருக்குற திராட்சை ஊர் பேருதான், இன்னும் இதுக்கு மவுசு கொறையல.

பூச்சிக்கும் அதே கதைதான். கவாத்து பண்ணி மொட்டு விடுற நேரத்துல மொட்ட சுரண்டித் தின்னுறது சின்ன வண்டு, பகல்ல உரிஞ்சு தொங்குற பட்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கும், அதனால கவாத்து அன்னைக்கே பழைய பட்டைய உரிச்சு எரிச்சிரணும், இதுக்கு எந்தத் திட்டமும் தேவையில்ல. கொடிய சுத்தி வளையம் போட்ட மாதிரி பட்டைய கடிச்சு வச்சிருந்தா அது தண்டு வளைப்பான், வளையத்துக்குக் கீழயே வெட்டி எரிங்க. கொத்துக்குள்ள வெள்ளையா மாவு, பக்கத்துல எறும்பு வரிசை போகுதுன்னா மாவுப்பூச்சி. பிஞ்சுல சொரசொரன்னு பழுப்புத் தழும்பு இருந்தா இலைப்பேன். கொடி காரணமே இல்லாம வருஷா வருஷம் தளந்துகிட்டே போனா வேர தோண்டிப் பாருங்க, முடிச்சு முடிச்சா இருந்தா நூற்புழு.

சேம்பிள் எடுக்குற முறைலதான் நிறைய பேரு கோட்ட விடுறாங்க. இலை சேம்பிள்னா புதுசா நோய் விழுந்த இலை, காஞ்சு போனது வேணாம், பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டு போங்க, பிளாஸ்டிக் கவர்ல போட்டா வேர்த்து அழுகி லேப்ல ஒண்ணும் தெரியாது. நூற்புழு சேம்பிளுக்கு இதுக்கு நேர் எதிர், கொடிக்குப் பக்கத்துல ஒரு அடி ஆழத்துல சின்ன வேரோட சேத்து கால் கிலோ மண்ணு, ஈரம் போகாம பிளாஸ்டிக் கவர்லதான் கட்டணும், வெயில்ல வண்டி மேல வைக்கக் கூடாது, புழு செத்துட்டா ரிசல்ட்ல "இல்ல"ன்னு வந்துரும். கவர்ல பேரு, சர்வே நம்பர், கவாத்து தேதி, கடைசியா என்ன மருந்து அடிச்சீங்க எல்லாம் எழுதுங்க. ரிசல்டையும் பரிந்துரையையும் எழுத்துல, தேதியோட, கையெழுத்தோட கேட்டு வாங்குங்க. வாயில சொன்னது பின்னாடி எந்த ஆபீஸ்லயும் செல்லாது.

மானியம்: ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை

மத்திய அரசோட ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சித் திட்டம், அதுக்குள்ள சேந்த தேசிய தோட்டக்கலை இயக்கம் 2005லயே ஆரம்பிச்சது, செலவுல 60 பங்கு மத்திய அரசு 40 பங்கு மாநிலம். இதுக்குள்ளதான் ஒருங்கிணைந்த பூச்சி நோய் மேலாண்மைன்னு ஒரு தலைப்பு இருக்கு. 2014 வழிகாட்டு நெறிப்படி ஹெக்டேருக்கு 1,200 ரூபாய் வரைக்கும், ஒருத்தருக்கு 4 ஹெக்டேருக்கு மிகாம. 2025ல அந்த நெறிமுறைய திருத்திட்டாங்க, அதனால இந்த வருஷ ரேட் என்னன்னு உதவி இயக்குநர் ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் கணக்கு போடணும். பழைய ரேட்ட ஏக்கருக்குப் பாத்தா சுமாரா 485 ரூபாதான், ஒரு தடவ மருந்து அடிக்கிற கூலிக்கே காணாது. அப்ப எதுக்கு வாங்கணும்னா, பல நேரம் இது பணமா வராது, சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா, வேப்பெண்ணெய், ஒட்டுப்பொறின்னு பொருளா வரும், அதோட உங்க பேரு அந்த ஆபீஸ் லிஸ்ட்ல ஏறும், பயிற்சிக்கும் செயல்விளக்கத் திடலுக்கும் அந்த லிஸ்ட்லருந்துதான் கூப்பிடுவாங்க. எனக்குத் தெரிஞ்சு அந்த ரெண்டாவது லாபம்தான் பெருசு.

பொருள வாங்குனா உடனே தேதியப் பாருங்க. சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா எல்லாம் நோய எதிர்க்குற நல்ல நுண்ணுயிர், உயிரோட இருக்குற சரக்கு, காலாவதியானது வெறும் பவுடர். இத போர்டோவோடயோ வேற பூஞ்சாணக் கொல்லியோடயோ ஒரே டேங்க்ல கலந்தா அந்த நுண்ணுயிர் செத்துப் போகும்.

மாவுப்பூச்சிக்கு கிரிப்டோலேமஸ்னு ஒரு பொறிவண்டு இருக்கு, கொடிக்கு 10 வீதம் விடணும்னு பல்கலைக்கழகப் பரிந்துரை. 3 மீட்டருக்கு 2 மீட்டர்னு நட்ட ஏக்கர்ல சுமாரா 670 கொடி வரும், கணக்கு போட்டா 6,700 வண்டு, அவ்வளவு ஒரே நேரத்துல கிடைக்கிறது கஷ்டம், அதனால மாவு இருக்குற கொடிக்கு மட்டும் ரிப்பன் கட்டி எண்ணி, அந்த எண்ணிக்கைய சொல்லி முன்கூட்டியே கேளுங்க. வண்டு விடுறதுக்கு முன்னாடி எறும்ப ஒழிக்கணும், விட்டப்புறம் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. சாயங்காலம் விடுங்க.

சொட்டுநீர் மானியம் மேலயே சொல்லிட்டேன். ஆலங்கட்டி மழை, பறவை தடுக்குற வலைக்கும் அதே தோட்டக்கலை திட்டத்துல பாதிச் செலவு மானியம் உண்டு, 5,000 சதுர மீட்டர் வரைக்கும்னு 2014 நெறில இருந்துச்சு, பந்தல் தோட்டத்துக்கு அமைப்பு ஒத்து வருமான்னு அலுவலர நேர்ல கூட்டிட்டு வந்து காட்டிட்டு அப்ளை பண்ணுங்க.

மருந்து வாங்குறப்ப

1968ம் வருஷ பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒரு மருந்து எந்தப் பயிருக்கு எந்த நோய்க்குன்னு பதிவாகி லேபிள்ல இருக்கணும். லேபிள்ல திராட்சை இல்லாத மருந்த அடிச்சு கொடி கருகுனா யாரும் பொறுப்பு ஏத்துக்க மாட்டாங்க. பழைய கையேட்டுல மாவுப்பூச்சிக்கு டைகுளோர்வாஸ்னு போட்டிருக்கும், அது 2020 டிசம்பர் 31லருந்து தடை, யாராச்சும் பாட்டில் இருக்குன்னு குடுத்தா வாங்காதீங்க. பேட்ச் நம்பரோட பில் வாங்குங்க. போலின்னு சந்தேகம் வந்தா பாட்டில காலி பண்ணாம வச்சுகிட்டு பூச்சிக்கொல்லி ஆய்வாளர்கிட்ட எழுதிக் குடுக்கலாம், சேம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புற அதிகாரம் அவருக்கு இருக்கு, பில் இல்லேன்னா பேச்சே அங்க நின்னுரும்.

ஏற்றுமதி யோசனை இருக்குறவங்களுக்கு, குறிப்பா ஓடைப்பட்டி பக்கம் விதையில்லா திராட்சை போட்டவங்களுக்கு, கிரேப்நெட்னு அபெடாவோட (மத்திய அரசோட வேளாண் ஏற்றுமதி ஆணையம்) ஒரு அமைப்பு இருக்கு. தோட்டத்த தோட்டக்கலைத் துறை மூலமா பதிவு பண்ணி, வருஷா வருஷம் புதுப்பிச்சு, என்ன மருந்து எப்ப அடிச்சோம்னு ரிஜிஸ்டர் எழுதி, அறுவடைக்கு முன்னாடி சேம்பிள் எடுத்து மருந்து மிச்சம் பாத்து, பாஸானாதான் ஐரோப்பாவுக்கு பெட்டி ஏறும். எந்த மருந்து, அறுவடைக்கு எத்தன நாள் முன்னாடி நிறுத்தணும்னு புனேல இருக்குற தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் ஒரு பட்டியல் போடுது. 2010ல குளோர்மெக்வாட்ங்கற வளர்ச்சிய கட்டுப்படுத்துற மருந்தோட மிச்சம் இருக்குன்னு ஐரோப்பா இந்திய திராட்சைய திருப்பி அனுப்பி மகாராஷ்டிரா விவசாயிங்க பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. நீங்க ஏற்றுமதி பண்ணலேன்னாலும் அந்தப் பட்டியல எடுத்து வச்சுக்கோங்க, பன்னீர் திராட்சை 2023ல புவிசார் குறியீடு வாங்கியிருக்கு, அந்தப் பேர்ல விக்கிறப்ப மருந்து வாடை அடிச்சா பேர் கெடும்.

கன்னு எங்கருந்து

வைரஸும் நூற்புழுவும் கன்னோடயும் மண்ணோடயும்தான் தோட்டம் மாறும். நாடு விட்டு நாடு செடி போறதுக்கு உலக அளவுல மொதல் ஒப்பந்தம் போட்டதே திராட்சையாலதான், ஐரோப்பால ஃபிலாக்சரான்னு ஒரு வேர்ப்பூச்சி தோட்டம் தோட்டமா அழிச்சப்ப 1878ல பெர்ன்ல கையெழுத்து ஆச்சு. நம்ம நாட்டுல 2003 செடி தனிமைப்படுத்தல் ஆணை இருக்கு, வெளிநாட்டுக் குச்சிய பெர்மிட் இல்லாம பெட்டில வச்சு கொண்டு வர்றது குத்தம், அத "புது ரகம்"னு வாங்கி நடாதீங்க.

2024 ஆகஸ்ட் 9ல மத்திய அமைச்சரவை 1,765.67 கோடி ரூபாய்ல சுத்தமான நடவுச் செடி திட்டம்னு ஒண்ணுக்கு ஒப்புதல் குடுத்தாங்க, மொத்தம் 9 மையம், திராட்சைக்கு புனேல. தாய்ச்செடிய வைரஸ் டெஸ்ட் பண்ணி சுத்தப்படுத்தி நர்சரிங்களுக்குக் குடுக்குறதுதான் வேலை. இது மெதுவா நகர்ற திட்டம், நாளைக்கே கம்பத்துல கன்னு கிடைக்கும்னு பந்தல காலியா வைக்காதீங்க. இப்போதைக்கு, நல்லா காய்ச்ச கொடிய அறுவடை நேரத்துலயே பெயிண்ட் அடிச்சு அடையாளம் வச்சு அதுலருந்து மட்டும் குச்சி எடுங்க, நூற்புழு உறுதியான நிலம்னா நூற்புழுவ தாங்குற டாக்ரிட்ஜ் வேர்ச்செடில ஒட்டுக்கட்டுன கன்னு பத்தி ஆனைமலையன்பட்டில கேளுங்க.

நஷ்டம் ஆயிருச்சு, இப்ப?

பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டத்துலயும் அதோட சேந்த வானிலை அடிப்படை காப்பீட்டுலயும் தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டுறது காப்பீட்டுத் தொகைல அதிகபட்சம் 5 சதவீதம். ஆனா அந்தப் பருவத்துக்கு உங்க பிர்க்காவுக்கு (வருவாய் குறுவட்டம்) அந்தப் பயிர் அறிவிக்கப்பட்டிருக்கணும், லிஸ்ட் பருவத்துக்குப் பருவம் மாறும், திராட்சை இருக்கான்னு பிரீமியம் தேதிக்கு முன்னாடி ஆபீஸ்லயோ 14447லயோ கேளுங்க. மகாராஷ்டிரால திராட்சைக்கு வானிலை காப்பீடு நடக்குது, அங்க உங்க தோட்டத்த வந்து பாக்க மாட்டாங்க, வானிலை நிலையத்துல பதிவான மழையும் வெப்பமும்தான் கணக்கு. பயிர் காப்பீட்டுல ஆலங்கட்டி மழை மாதிரி உங்க தோட்டத்துக்கு மட்டும் வந்த சேதம்னா 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். நோயால வந்த நஷ்டத்துல "தடுத்திருக்கலாம்"ங்கற வகை சேராது, அதனாலதான் மருந்தடிச்ச நோட்டும் பில்லும் அந்த எழுத்துப் பரிந்துரையும் வேணும்னு ஆரம்பத்துலருந்து கத்திட்டு இருக்கேன்.

இன்னொரு வழி பேரிடர் நிவாரணம். மத்திய அரசு பேரிடர் பட்டியல்ல புயல், வெள்ளத்தோட பூச்சித் தாக்குதலும் இருக்கு, இது நிறைய பேருக்குத் தெரியாது. 33 சதவீதத்துக்கு மேல சேதம்னா பல்லாண்டுப் பயிருக்கு 2022-26 கணக்குப்படி ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், 2 ஹெக்டேர் வரைக்கும். ஆனா அரசு சேதம்னு ஏத்துகிட்டு கணக்கெடுக்கணும், வருவாய்த் துறையும் தோட்டக்கலையும் சேந்து வருவாங்க. ஒத்தை ஆளா கேட்டா நடக்காது, பக்கத்துத் தோட்டக்காரங்க எல்லாம் சேந்து சர்வே நம்பரோட மனு குடுங்க, கணக்கெடுக்குற வரைக்கும் கெட்ட கொத்த வெட்டிப் போடாம அடையாளத்துக்கு ஒரு வரிசையாச்சும் விட்டு வைங்க, மிச்சத்த வெட்டுறதுக்கு முன்னாடி தேதி விழுற மாதிரி போட்டோ எடுங்க.

பக்கத்துல ஒருத்தர் பந்தல அப்படியே போட்டுட்டுப் போயிட்டாரு, அங்கருந்து நோய் வருதுன்னா அதுக்கும் சட்டம் இருக்கு, 1919லயே மெட்ராஸ் மாகாணத்துல போட்ட பயிர்ப் பூச்சி நோய் சட்டம். அரசு ஒரு பூச்சியையோ நோயையோ அறிவிச்சா, நிலத்துக்காரர் சொன்ன நடவடிக்கைய எடுத்தாகணும், இல்லேன்னா அதிகாரியே செஞ்சு செலவ வசூலிக்கலாம். அறிவிப்பு வந்தாதான் இது செல்லும், அதுக்குள்ள மாசாமாசம் கலெக்டர் ஆபீஸ்ல நடக்குற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல பேசி, தோட்டக்கலை அலுவலர அந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வைக்கலாம். கூட்டத்துல குடுக்குற மனுவுக்கு ரசீது நம்பர் வாங்காம எந்திரிக்காதீங்க.

அதுக்கும் பதில் வரலேன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், "இந்த நிதியாண்டுல எங்க வட்டாரத்துக்கு திராட்சை பூச்சி மேலாண்மைக்கு எவ்வளவு ஒதுக்குனீங்க, எத்தன பேருக்கு குடுத்தீங்க, என் பதிவு நம்பர் எந்த நிலைல இருக்கு"ன்னு மூணு கேள்வி, பதிவுத் தபால்ல அனுப்புங்க. 30 நாள்ல பதில் தந்தாகணும், வரலேன்னா அதே துறைல மேல்முறையீட்டு அலுவலருக்கு இன்னொரு தாள்.